தோற்கும் அணியும் தலைவரின் காலரும்

கூடைப்பந்தாட்டம் பற்றி இந்தப் பகுதிக்கு எப்போதாவது ஒரு கடிதம் வருவதுண்டு. இம்முறை வந்தவற்றில் பல, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகளைக் கேலி செய்து சமூக ஊடகத்தில் எழுதப்படும் பகடிப் பதிவுகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். செவன்டிசிக்சர்ஸ் அணியின் தீவிர ரசிகன். அணி தோற்கும்போதெல்லாம் அதைக் கிண்டலடித்து எழுத ஒரு பக்கம் தொடங்கினேன். நண்பர்களோ, "இது பகடி இல்லை, வெறும் திட்டு" என்கிறார்கள். நான்கு பதிவுகளை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?
— வாசகர், ஃபிலடெல்ஃபியா புறநகர்

பதில்: நான்கையும் படித்தேன். மூன்றில் நீங்கள் பேசுகிறீர்கள். நான்காவதில்தான் அணி பேசுகிறது. உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோற்றவனைப் பார்த்துத் தோற்றுவிட்டாய் என்று கத்துவதற்கு அரங்கின் மேல்வரிசையில் ஓர் இருக்கை போதும். அதற்கு ஒரு பக்கம் தொடங்க வேண்டியதில்லை. பகடி எழுதுபவர் அணியின் குரலையே இரவல் வாங்குகிறார். அந்தக் குரல் ஒருநாளும் ஒப்புக்கொள்ளத் துணியாததை, அதே பணிவோடும் அதே அலுவலக மொழியோடும் அதன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்பீர்கள். அதில் புலவன் எந்த இடத்திலும் முகத்தைச் சுளிப்பதில்லை. சுளித்துவிட்டால் வஞ்சமும் போயிற்று, புகழ்ச்சியும் போயிற்று.

உங்கள் நான்காவது பதிவு: "இன்றைய தோல்வி திட்டமிட்டபடி நிறைவேறியது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். "திட்டமிட்டபடி" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அந்த அணியின் மூன்றாண்டு வரலாறே நிற்பதுதான் காரணம். பிற வாசகர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன்.

2013ஆம் ஆண்டு மே மாதம் சாம் ஹிங்கி என்பவர் அந்த அணியின் பொது மேலாளரானார். என்.பி.ஏ.வில் ஒரு பருவத்தில் மோசமாகத் தோற்கும் அணிக்கு, அடுத்த ஆண்டு புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு, அந்த முதலிடத்தை முடிவுசெய்யும் குலுக்கலில் 25 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. நடுத்தர அணியாகக் காலம் தள்ளுவதைவிட, சில ஆண்டுகள் தோற்றுத் தோற்றுப் பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை என்று ஹிங்கி கணக்குப் போட்டார். விளைவு, 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முதலாண்டு 19 வெற்றி, அடுத்த ஆண்டு 18, அதற்கடுத்த ஆண்டு 10. இரண்டு பருவங்களுக்கு இடையே தொடர்ந்து 28 ஆட்டங்களில் அணி தோற்றது. ரசிகர்களோ இதைச் சமய நம்பிக்கைபோல ஏற்று, "செயல்முறையை நம்பு" என்று முழக்கமிட்டார்கள். 2016 ஏப்ரலில் பதவி விலகிய ஹிங்கி, முதலீட்டாளர்களுக்கு 13 பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினார். ஆபிரகாம் லிங்கன் வருகிறார், வாரன் பஃபெட் வருகிறார், நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா என்னும் பறக்காத பறவைகூட வருகிறது; கூடைப்பந்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பகடி செய்ய யாராலும் முடியவில்லை என்பது என் கருத்து. மூலமே அந்த வேலையை முடித்துவிட்டது.

அடுத்து அணியின் கூடைப்பந்துத் துறைத் தலைவராக வந்தவர் பிரையன் கொலாஞ்சலோ. 2018 மே மாத இறுதியில் தி ரிங்கர் என்ற இணைய இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. ட்விட்டரில் பெயர் தெரியாத ஐந்து கணக்குகள் கொலாஞ்சலோவைப் புகழ்ந்தும், அவருடைய அணியின் ஆட்டக்காரர்களையே பழித்தும், முன்னவரான ஹிங்கியை மட்டம் தட்டியும் எழுதிவந்தன என்றும், அவை கொலாஞ்சலோவோடு தொடர்புடையவையாகத் தெரிகின்றன என்றும் அது கூறியது. இதழ் இரண்டு கணக்குகளைப் பற்றி மட்டும் அணியிடம் விசாரித்தது. சிறிது நேரத்தில் மற்ற மூன்றும் வெளியாருக்குத் தெரியாதபடி பூட்டப்பட்டன. அவற்றை நடத்தியவர் அவருடைய மனைவியே என்று அணி அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணை முடிவு சொன்னது. ஜூன் 7 அன்று கொலாஞ்சலோ விலகினார். இவ்வளவு பெரிய விவகாரத்தில் மக்கள் மனத்தில் இன்றும் நிற்பது எது தெரியுமா? அவருடைய சட்டைக் காலர் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று யாரோ கேலி செய்ய, அந்தக் கணக்குகளில் ஒன்று அது சாதாரண அளவுக் காலர்தான் என்று வாதாடியதே. நம்மூரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். அங்கே காலரைக் காப்பாற்றவே ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

பகடிக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விவகாரத்தின் மையத்தில் நிற்பது ஒழுக்கக்கேடும் நம்பிக்கைத் துரோகமும். ஆனால் சிரிப்பு காலரில்தான் இருக்கிறது. பெரிய குற்றச்சாட்டை விட்டுவிட்டுச் சின்னக் காலரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அணி இன்று மோசமாக ஆடியது" என்பதை எவரும் எழுதலாம். "ஆட்டத்தின் முடிவு குறித்துத் தலைமை அலுவலகம் கருத்துக்கூற மறுத்தது, காலர் அளவு குறித்த கேள்விகளை எழுத்துமூலம் அனுப்பலாம்" என்று எழுத அந்த அணியோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

வடிவத்தையும் கவனியுங்கள். அணிகள் எப்போதும் சில கட்டமைப்புகளில்தான் பேசுகின்றன: ஆட்டக்காரர் பரிமாற்ற அறிவிப்பு, காயப் பட்டியல், ஆட்டம் முடிந்தபின் வரும் மதிப்பெண் அட்டை, பயிற்சியாளரின் ஒருவரிக் கருத்து. அந்தச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். நான் முயன்று பார்த்தவை இரண்டு (இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளில் இரண்டாம் சுற்று உரிமை மலிவானது). "பரிமாற்ற அறிவிப்பு: செவன்டிசிக்சர்ஸ் தனது எதிர்காலத்தைக் கொடுத்து, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைப் பெற்றுக்கொள்கிறது. எதிர்காலம் 2031இல் ஒப்படைக்கப்படும்." மற்றொன்று: "காயப் பட்டியல்: பொறுமை, ஆடுவது ஐயம். நம்பிக்கை, பருவம் முழுவதும் ஆடாது. நினைவாற்றல், முழு உடல்நலத்துடன் உள்ளது; மருத்துவக் குழு வருந்துகிறது." எந்தத் தனிமனிதரின் பெயரும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது ஏன் என்பதை ஸ்கார்பரோ வாசகருக்கான விடையில் சொல்கிறேன்.

கேள்வி: பகடி என்று சொல்லிக்கொண்டு பொய்ச் செய்தியைத்தானே பரப்புகிறார்கள்? படித்தவர் ஏமாந்துபோனால் எழுதியவர் பொய்யர் என்றுதானே பொருள்?
— வாசகி, சென்னை

பதில்: பாதி சரி. படித்தவர் எவ்வளவு நேரம் ஏமாந்திருக்கிறார் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. நல்ல பகடி ஒரு நொடி நம்பவைக்கும். அடுத்த நொடியில் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு நொடி இல்லாவிட்டால் சிரிப்பு இல்லை; அடுத்த நொடி வராவிட்டால் அது மோசடி. எழுதுபவரின் திறமை முழுவதும் அந்த இரண்டாவது நொடியை எங்கே ஒளித்துவைக்கிறார் என்பதில் அடங்கியிருக்கிறது.

எக்ஸ் தளத்தில் என்.பி.ஏ. சென்ட்ரல் என்றொரு கணக்கு உண்டு. அங்கங்கே வரும் கூடைப்பந்துச் செய்திகளைத் திரட்டித் தருவது. அதன் பெயரில் ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றி, என்.பி.ஏ. சென்டெல் என்று ஒரு பகடிக் கணக்கு முளைத்தது. படம், எழுத்து நடை, செய்தி வடிவம் எல்லாம் மூலத்தைப் போலவே இருக்கும். ஆட்டக்காரர் சொன்னதாக வரும் மேற்கோள் மட்டும் கற்பனை. விளையாட்டுத் தொலைக்காட்சியில் பேசிச் சம்பாதிப்பவர்களே அதை நம்பி வாதாடி மாட்டிக்கொண்டதால், ஏமாறுவதற்கே "சென்டெல் ஆகிவிட்டாய்" என்று ரசிகர்களிடையே ஒரு வழக்குச்சொல் உண்டாயிற்று. இந்த வகையை நான் முழுமனத்தோடு பாராட்ட மாட்டேன், வெறுக்கவும் மாட்டேன். அதன் உண்மையான இலக்கு ஆட்டக்காரர்கள் அல்லர். தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வருணனையாளர்களும் நாமும்தான். அந்த வகையில் அது வேலை செய்கிறது. ஆனால் மேற்கோள் இயல்பாகவே இருந்து, யார் பெயரைக் கவனிக்கத் தவறினாலும் நம்பிவிடலாம் என்ற அளவுக்கு வரும்போது, நகைச்சுவை கணக்கின் பெயரில் மட்டுமே மிஞ்சுகிறது. பதிவைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பும்போது சிலவேளை அந்தப் பெயரும் வெட்டுப்பட்டுப் போகிறது. நானே ஒருமுறை அப்படி வந்த படம் ஒன்றை நம்பி, காலை உணவின்போது குடும்பத்தாருக்கு விளக்கவுரையே நிகழ்த்தியிருக்கிறேன்.

மறுபக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022 நவம்பரில் ட்விட்டர் நிறுவனம், மாதம் ஏறத்தாழ எட்டு டாலர் கட்டினால் எவருக்கும் நீலக்குறி தருவதென்று தொடங்கியது. அதுவரை அந்தக் குறிக்கு, ஆளைச் சரிபார்த்தாகிவிட்டது என்று பொருள். தொடங்கிய உடனேயே, லெப்ரான் ஜேம்சின் பெயரும் படமும் நீலக்குறியும் கொண்ட ஒரு கணக்கு, லேக்கர்ஸ் அணியிலிருந்து தன்னை வேறு அணிக்கு மாற்றக் கேட்பதாக அறிவித்தது. அதில் கேலி என்று எதுவுமே கிடையாது. ஓர் ஆட்டக்காரர் எழுதக்கூடிய சாதாரணச் சொற்கள். பலர் நம்பினார்கள். பிற துறைகளிலும் இப்படி நடக்கவே, சில நாள்களில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இதைப் பகடி என்று நான் ஏற்க மாட்டேன். இரண்டாவது நொடி அதில் வைக்கப்படவே இல்லை. 2025இல் அந்தத் தளம், பகடிக் கணக்குகள் தம் பெயரின் தொடக்கத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டுமென்று விதி வகுத்தது. படம் பிடிப்பவர் வெட்டினாலும் பெயர் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் இதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

கேள்வி: டாலஸ் மேவரிக்ஸ் ரசிகை நான். எங்கள் அணியைப் பற்றி இனி யார் என்ன பகடி எழுத முடியும்? நடந்ததே போதாதா?
— வாசகி, பிளேனோ, டெக்சஸ்

பதில்: உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. 2024 ஜூன் மாதம் இறுதிச் சுற்றுவரை அணியை அழைத்துச் சென்ற லூகா டான்சிச்சை, 2025 பிப்ரவரியின் தொடக்கத்தில் ஓர் இரவு, யாரும் எதிர்பாராத நேரத்தில் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அந்தோணி டேவிசையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். செய்தியை முதலில் வெளியிட்ட என்.பி.ஏ. செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றே பல்லாயிரம் பேர் நினைத்தார்கள். இது உண்மைதான் என்று அவரே மறுபடி ஒரு பதிவு போட வேண்டியிருந்தது.

பல ஆண்டுகளாக இத்தகைய செய்தியாளர்களின் பெயரில் போலிக் கணக்குகள் வந்துகொண்டிருந்தன. ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதைப் பயன்படுத்திக் கணக்கின் பெயரை அச்சாக அமைப்பது அவர்களுடைய பழைய உத்தி. பொய்யை மெய்யென்று நம்பி ஏமாந்து ஏமாந்து தேறியிருந்த ரசிகர்கள், அன்றிரவு மெய்யைப் பொய்யென்று நம்பி ஏமாந்தார்கள். பகடிக்காரர்களின் பயிற்சி வீண்போகவில்லை.

ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி கொண்டுவந்து வைத்துத் துக்கம் காத்தார்கள். மே மாதக் குலுக்கலில் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு போன அதே அணிக்கு முதலிடம் விழுந்து, எல்லா அணிகளும் விரும்பிய இளம் ஆட்டக்காரரான கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். பரிமாற்றத்தைச் செய்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் 2025 நவம்பரில் நீக்கப்பட்டார். இதைக் கற்பனையாக எழுதிக்கொண்டு என்னிடம் ஒருவர் வந்திருந்தால், நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

இத்தகைய நேரத்தில் மிகைப்படுத்துவது பயன் தராது என்பதே உங்கள் கேள்விக்கு விடை. உண்மை கூரைமேல் ஏறி நிற்கும்போது பகடி தரையில் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த வாரத்தில் எனக்குப் பிடித்திருக்கக்கூடிய பதிவு இப்படி அமையும்: "மேவரிக்ஸ் அணி தன் அலுவலகத்தின் காப்பி இயந்திரத்தை மாற்ற மறுத்துவிட்டது. நன்றாக இயங்கும் ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும் என்று நிருவாகம் கேட்கிறது." பெயரும் இல்லை, பரிமாற்றமும் இல்லை, டாலசில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஃபிலடெல்ஃபியா நண்பரும் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவருடைய அணி நகரின் நடுவே, சீனக் குடியிருப்பை ஒட்டிப் புதிய அரங்கம் கட்டப்போவதாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி, எதிர்ப்பையெல்லாம் தாண்டி 2024 டிசம்பரில் நகரமன்றத்தின் ஒப்புதலையும் பெற்று, அடுத்த மாதமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. பெயரை மாற்றாமல் அப்படியே எழுதினாலே போதும்.

கேள்வி: அணிகளே தம் கணக்குகளில் எதிரணியைக் கிண்டல் செய்கின்றனவே, அதற்கு எல்லை உண்டா?
— இதழியல் மாணவர், திருச்சி

பதில்: உண்டு, ஆனால் அந்த எல்லை எங்கே என்று தெரிவது பெரும்பாலும் அதைத் தாண்டியவருக்கு வேலை போன பிறகுதான். 2015 ஏப்ரலில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, முதல் சுற்றில் டாலசை வீழ்த்தும் தறுவாயில் இருந்தது. டாலசின் சின்னம் குதிரை. ராக்கெட்சின் ட்விட்டர் கணக்கு, குதிரைப் படத்தின் அருகே துப்பாக்கிப் படத்தை வைத்து, கண்ணை மூடிக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பொருளில் ஒரு பதிவு போட்டது. அன்று அந்தச் சின்னப்படம் மெய்யான துப்பாக்கியாகவே இருந்தது. ஆப்பிள் நிறுவனம் அதைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது மறு ஆண்டில். அணி மன்னிப்புக் கேட்டது. மறுநாள் அந்தக் கணக்கை நடத்திய ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது. பதிவு நாகரிகமானதன்று. ஆனால் அவரைக் குறும்பாக எழுதச் சொல்லித்தானே அங்கே அமர்த்தியிருந்தார்கள் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. ஆண்டு முழுவதும் துடுக்குக்குக் கைதட்டிவிட்டு ஒரே ஒரு நாள் அளவு மிஞ்சியதும் கைகழுவுவது நிருவாகங்களுக்கு எளிது.

2017 தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. மெம்ஃபிஸ் அணியின் சாண்ட்லர் பார்சன்ஸ் வீசிய பந்து வளையத்தைத் தொடாமலே போனதைப் போர்ட்லாந்து அணியின் கணக்கு கேலி செய்தது. குலுக்கல் நிகழ்ச்சிக்கு வாழ்த்துகள், அதாவது நீங்கள் அங்கே தோற்றவர்களோடுதான் உட்காரப்போகிறீர்கள் என்று அவர் சீண்டினார். உங்களை ஒப்பந்தம் செய்யாமல் விட்டபோதே எங்களுக்குக் குலுக்கலில் பரிசு விழுந்துவிட்டது என்று போர்ட்லாந்தின் சி.ஜே. மெக்காலம் பதில் சொன்னார். சமூக ஊடகத்தில் எதிரணியையும் நடுவர்களையும் கேலி செய்ய வேண்டாம் என்று லீக் அலுவலகம் விரைவிலேயே அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை அணிகளுக்கு மட்டுமே. ரசிகர்களுக்கு யார் அனுப்ப முடியும்?

கேள்வி: கோவையில் இருந்துகொண்டு என்.பி.ஏ. மீம்கள் செய்கிறேன். அணியின் சின்னத்தையும் ஆட்டக்காரர்களின் படங்களையும் பயன்படுத்தினால் வழக்கு வருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான் வழக்கறிஞன் அல்லன், பொதுவாக அறிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பகடிக்கு உறுதியான பாதுகாப்பு இருக்கிறது. 1988இல் ஹஸ்லர் இதழ் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், எவரும் மெய்யென்று எடுத்துக்கொள்ள முடியாத கேலிக்காகப் பொதுவாழ்வில் உள்ளவர் மனவேதனை என்று சொல்லி இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கேலி விளம்பரத்தின் அடியில், இது பகடி என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் பார்மா நகரில் நடந்ததைப் பாருங்கள். 2016இல் ஒருவர் அந்நகரக் காவல்துறையின் பக்கத்தைப் போலவே முகநூலில் ஒரு கேலிப் பக்கம் தொடங்கினார். அது அரை நாள்தான் இருந்தது. அவர் கைதாகிச் சிறையில் இருந்தார். பின்னர் நடுவர் குழு அவரை விடுவித்தது. அவர் காவல்துறைமீது தொடுத்த வழக்கில், தி ஆனியன் என்ற நையாண்டிச் செய்தி நிறுவனம் 2022இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு மனுவையே பகடியாக எழுதி அனுப்பியது. முதல் வரியிலேயே "இது பகடி" என்று அறிவிக்கச் சொன்னால் பகடியே செத்துவிடும் என்பது அதன் வாதம். நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளாமல் 2023இல் தள்ளிவிட்டது.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடமளிக்கிறது. பகடி என்ற சொல் அதில் இல்லை. டாடா நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் கேலியாக வைத்து கிரீன்பீஸ் அமைப்பு செய்த இணைய விளையாட்டுக்குத் தடைவிதிக்க 2011இல் டெல்லி உயர்நீதிமன்றம் மறுத்தது. மற்றொருவராக நடித்து மின்வழியில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு பாயும். மூன்றாண்டுவரை சிறை உண்டு. பணம் பறிப்பவர்கள் பகடியின் முகமூடியை அணிவதும் நடப்பதால் இதை நினைவில் வையுங்கள். சின்னத்தை அப்படியே பதிக்காமல் நீங்களே கோணலாக வரைந்துவிடுங்கள். பாதுகாப்பும் கூடும், சிரிப்பும் கூடும்.

படங்களைப் பொறுத்தவரை, மைக்கேல் ஜோர்டான் அழும் முகத்தை நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். 2009 செப்டம்பரில் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்ட விழாவில் அவர் கண்ணீர் விட்டபோது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் எடுத்த படம் அது, உரிமை அந்நிறுவனத்துடையது. தோற்றவர்கள் எல்லோருடைய கழுத்திலும் அந்த முகத்தை உலகமே ஒட்டிவைத்தது. 2016இல் அவருக்கு விருது வழங்கியபோது ஒபாமாவே அவர் வெறும் மீம் அல்லர் என்று குறிப்பிட்டார். 2020 பிப்ரவரியில், மறைந்த ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டின் நினைவுக் கூட்டத்தில் கண்ணீர் வழியப் பேசிய ஜோர்டான், இனி இன்னொரு அழும் மீமைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அழுதுகொண்டிருந்த அரங்கம் சிரித்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் படத்தை ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை. இது சட்டம் சார்ந்த காரணம் அன்று.

கேள்வி: நாங்கள் டொரண்டோ ராப்டர்ஸ் ரசிகர்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம் என்று போலிப் பட்டியல் ஒன்றை என் தம்பி பகிர்ந்தான். நண்பர்கள் பதறியதைப் பார்த்துச் சிரித்தோம். இதில் என்ன தவறு என்கிறான்.
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: தம்பியை அழைத்து உட்காரவைத்துச் சொல்லுங்கள். கனடாவில் 2021இலிருந்து ஒற்றை ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுவது சட்டப்படி செல்லும். உங்கள் ஒன்றாரியோ மாகாணத்தில் 2022 ஏப்ரலிலிருந்து தனியார் நிறுவனங்களும் அதை நடத்துகின்றன. காயப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் பந்தயக் கணக்குகள் மாறும், பணம் கைமாறும். உங்கள் ராப்டர்ஸ் அணியின் ஜான்டே போர்ட்டர், தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயம் கட்டுபவருக்குக் கசியவிட்டதற்காகவும், பந்தயத்துக்காக ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியதற்காகவும் 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை பெற்றார். உண்மையான காயத் தகவலுக்கே அவ்வளவு விலை இருக்கும்போது, பொய்யான தகவலை மெய்போல வெளியிடுவது விளையாட்டன்று. பொறுமைக்கும் நம்பிக்கைக்கும் காயம் என்று மேலே நான் எழுதியது இதனால்தான். நம்பிக்கையின் முழங்காலை வைத்து எவரும் பந்தயம் கட்ட முடியாது.

இன்னொன்றையும் நீங்கள் நேரில் கண்டிருக்கக்கூடும். 2019 ஜூன் 10 அன்று, டொரண்டோவில் நடந்த இறுதிச் சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் எதிரணியின் கெவின் டுரான்ட் குதிகால் தசைநாண் அறுந்து தரையில் அமர்ந்தபோது, அரங்கில் சிலர் ஆரவாரம் செய்து கையசைத்து வழியனுப்பினார்கள். அவர்களை அடக்கியவர்கள் ராப்டர்ஸ் ஆட்டக்காரர்களே. உடலில் பட்ட அடியைக் கேலி செய்யும் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையசைப்பு நினைவுக்கு வரும்.

கேள்வி: தோல்வியைக் கேலி செய்தே பழகிய பக்கம், அணி கோப்பையை வென்றுவிட்டால் என்ன எழுதும்?
— வாசகர், சேலம்

பதில்: கடினமான கேள்வி. ஃபிலடெல்ஃபியா நண்பருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை என்று கிண்டலடிக்க நா துடிக்கிறது. இருந்தாலும் அந்த அணி வென்ற கதையிலேயே விடை இருக்கிறது. 1983இல் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள் தொடங்கும் முன், அணியின் பெரிய ஆட்டக்காரரான மோசஸ் மலோன், மூன்று எதிரணிகளையும் நான்கு நான்கு ஆட்டங்களில் முடித்துவிடுவோம் என்ற பொருளில், தனக்கே உரிய கொச்சையில் "நாலு, நாலு, நாலு" என்றார். அணி கோப்பையை வென்றது. ஆனால் நடுச்சுற்றில் மில்வாக்கி அணியிடம் ஒரே ஓர் ஆட்டம் தோற்றுவிட, அந்தச் சுற்று ஐந்து ஆட்டங்களுக்கு நீண்டது. வெற்றி மோதிரம் செய்யும்போது, அந்தக் கொச்சை உச்சரிப்பையே வைத்துக்கொண்டு அதன்மேல் இப்படிப் பொறித்தார்கள்: "நாலு, அஞ்சு, நாலு."